தனியாகப் போகாத பிஜிலி

குதிரை நின்றுவிட்டால் முதலில் உங்கள் வாயை மூடுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லாயத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்வது மரியாதையில்லைதான். ஆனால் கல்யாணக் குதிரைகளோடு நடந்து நடந்து முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டவன் நான். எனக்குத் தெரிந்ததில் பாதி இந்த ஒரு வரிதான். மீதியைச் சொல்ல வேண்டுமென்றால் பிஜிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சேணம் கட்டுவதையும் லாடம் பார்ப்பதையும் கொள்ளு ஊறவைப்பதையும் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் கை தானாகக் கற்றுக்கொள்ளும். பத்துப் பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை கத்தும்போது என்ன செய்வது என்பதைத்தான் கை கற்றுக்கொள்ளாது.

எனக்கு வேலை கொடுத்தவர் காதர் பாய். வீடு ராயபுரத்தில், லாயம் காலடிப்பேட்டையில். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுகலான தெருவின் கோடியில் தகரக் கொட்டகை. மாப்பிள்ளை அழைப்பு, நிக்காஹ் ஊர்வலம், சர்ச் திருவிழா, வட்டச் செயலாளர் பிறந்தநாள் என்று எண்ணூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை எங்கள் குதிரைகளுக்கு வேலை இருக்கும். பிஜிலியும் சுல்தானும் சாரட்டு வண்டி இழுக்கும் ஜோடி. இரண்டும் வெள்ளை. வந்த நாளிலிருந்து ஒரே தொட்டியில் தின்று, ஒன்றாக நடந்து, ஒன்றாகப் பட்டாசுச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவை.

ஒரு மழைக்காலத்தில் சுல்தானுக்கு வயிற்றுவலி வந்தது. குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் சும்மா இருக்க முடியாது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். டாக்டர் வந்தார், ஊசி போட்டார், நாங்கள் மாற்றி மாற்றி நடத்தினோம். மறுநாள் மத்தியானம் அது போய்விட்டது. கடைசிவரை அதன் தலையை மடியில் வைத்திருந்தவள் தேவி.

தேவி வியாசர்பாடிப் பெண். கடற்கரையில் சவாரிக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தவளை அந்த ஜோடியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பாய் கூட்டி வந்திருந்தார். அதிகம் பேசமாட்டாள். பேசினால் தேள் கொட்டினாற்போல இருக்கும்.

ஜோடி போன பிறகு சாரட்டுக்கு வேலையில்லை. பிஜிலியை மாப்பிள்ளை ஏறும் ஒற்றைக் குதிரையாக மாற்றலாம் என்று முடிவு செய்தோம். சேணம் ஏற்றால் போதும், வாழ்க்கை ஓடிவிடும். சேணத்தை அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. லாயத்துக்குள் தேவி ஏறி உட்கார்ந்தால் சொன்னபடி நடந்தது. வாசலைத் தாண்டித் தெருமுனைக்கு வந்ததும் நின்றது. பிஜிலி என்றால் மின்னல். எங்கள் மின்னலுக்குத் தெருமுனைக்கு வந்தால் கரண்ட் போய்விடும்.

வெறுமனே நிற்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குதிகாலால் தட்டினால் பின்னுக்கு நகரும், லகானை இழுத்தால் பம்பரமாகச் சுற்றும், இன்னும் வற்புறுத்தினால் முன்கால் இரண்டும் மேலே போகும். லாயத்தில் மிச்சமிருந்த ராஜா என்ற பழுப்புக் குதிரையை முன்னால் விட்டால் பூனைக்குட்டி மாதிரிப் பின்னால் போகும். ராஜா இல்லையென்றால் ஓர் அடிகூட வைக்காது.

முதலில் வலி இருக்கிறதா என்று பார்த்தோம். இதை என்றைக்கும் தவறவிடாதீர்கள். பல், முதுகு, குளம்பு, சேணத்தின் அடிப்பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. குறை இல்லையென்று தெரிந்ததும் எங்கள் ஏழுமலை, "அப்போ கண்ணுதாம்பா பட்டுகீது," என்றான்.

ஏழுமலை லாயத்தைப் பெருக்கி, தண்ணீர் காட்டி, சாணி அள்ளுகிறவன். பிஜிலி மேல் உயிரையே வைத்திருந்தான். ஊரே வேடிக்கை பார்த்த ஜோடி, ஒன்று போய்விட்டது, திருஷ்டி இல்லாமல் வேறென்ன என்பது அவன் கணக்கு. தெருமுனையில் குதிரை நின்றதும் ஓடிவந்து கற்பூரம் சுற்றுவான், காலடியில் எலுமிச்சம்பழம் வைப்பான், வெள்ளிக்கிழமை என்றால் பூசணிக்காய். பாயும் சளைத்தவரில்லை. தர்காவிலிருந்து மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கி வந்து கழுத்தில் கட்டினார். கற்பூரம் எரிந்து முடியும்வரை குதிரையை அசைக்கக் கூடாது. முடிந்ததும் ஏழுமலை பிரசாதம் போல ஒரு கட்டி வெல்லம் ஊட்டுவான். அதன்பிறகு நல்ல நேரம் போய்விட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று திருப்பிக் கொண்டுவந்து சேணத்தை இறக்கிவிடுவோம். இப்படியே பல வாரம்.

ஒரு நாள் ஏழுமலை மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டான். அன்றைக்குப் பிஜிலி முனைக்கு வந்தது, நின்றது, தலையைத் திருப்பி லாய வாசலைப் பார்த்தது. யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, தானாகவே இரண்டடி முன்னால் வைத்து அங்கே காய்ந்து கிடந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இத்தனை வாரமும் அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். முனைக்கு வா, நில், பூஜை நடக்கும், வெல்லம் கிடைக்கும், வீட்டுக்குப் போகலாம். அதுவும் நல்ல மாணவியாகப் படித்திருக்கிறது.

தேவியிடம் சொன்னேன். "அப்போ படிப்ச்ச வாத்தியாருங்க நம்பதான்," என்றாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குதிரை முரண்டு பிடிக்கிறது என்று சொல்லும் முன்னால், அது நின்ற இடத்தில் நாம் என்ன கொடுத்தோம் என்று யோசித்துப் பாருங்கள். அடிதான் கொடுக்க வேண்டும் என்றில்லை, அன்பையும் தப்பான இடத்தில் கொடுத்துவிடலாம்.

வெல்லத்தை முனைக்கு அப்பால் மாற்றினோம். ஏழுமலையிடம் கற்பூரத்தைப் பிடுங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. "சாமி விசயம்ணே, வெளையாடாத," என்றான். லாயத்துக்குள்ளேயே சுற்றிக்கொள், வெளியே வேண்டாம் என்று ஒப்பந்தம் ஆனது. கொள்ளுச் சாக்கை முனைக்கு அப்பால், நெடுஞ்சாலையில் இருக்கும் மெட்ரோ தூண் நிழலுக்குக் கொண்டுபோய், அங்கே வந்தால் தீனி, ஓய்வு என்று வைத்தோம். போன வழியிலேயே திரும்பாமல் பின்தெரு வழியாகச் சுற்றிவந்தோம். பலன் இருந்தது, இல்லாமலும் இருந்தது. ஒரு நாள் தூண் வரை ஜோராகப் போகும். மறுநாள் முனையில் மறுபடி கரண்ட் போகும். குதிரை படிப்பது ஏணி ஏறுவது போல இருக்காது. அந்தப் பொறுமை எனக்கு இருந்தது. பாயால் அப்படிப் பொறுத்திருக்க முடியவில்லை.

அவரைக் குறை சொல்லமாட்டேன். வேலை செய்யாத குதிரையும் வேலை செய்யும் குதிரை அளவுக்குத்தான் தின்னும். ஒரு சாயங்காலம் பிஜிலியின் பிடரியைத் தானே சீவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மணி, குதிர வாங்கற வியாபாரிகிட்ட பேசிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழம வண்டி எடுத்துனு வரான்."

"ஞாயித்துக்கிழம தண்டையார்பேட்ட மாப்ள அழைப்புக்கு அதத்தான பாய் ஒத்துகினு கீறோம்? ராஜா அன்னிக்கி எண்ணூர் போவுது."

"போனா போவட்டும். போவாட்டி வண்டி இங்க நிக்கும். நான் இன்னா கசாப்புக் கடையா வச்சிகீறேன்? எனக்கு மட்டும் மனசு கேக்குமா? ஒண்ண தூக்கிப் போட்டேன். இன்னொண்ண பட்னி போட்டு சாவடிக்கச் சொல்றியா?"

அந்த வியாபாரியின் வண்டியில் ஏறிய குதிரை எங்கே போகிறது என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான். தேவியிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு பிஜிலியிடம் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் சாய ஆரம்பித்ததும் தேவியை ஏற்றிக் கிளப்பினோம். நகை, குஞ்சம், சலங்கை எல்லாம் ஒரு பையில் அவள் தோளில். அங்கே போய் அலங்கரித்துக்கொள்ளலாம், போகிற வழியில் குதிரைக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ராஜா இன்னும் கிளம்பவில்லை. வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அது கனைத்தது. பிஜிலி பதிலுக்குக் கனைத்தது. ஆனாலும் நடந்தது.

தெருமுனையில் வியாபாரியின் வண்டி நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம்தான் வரச் சொல்லியிருந்தார் பாய். போக்குவரத்து இல்லையென்று சீக்கிரமே வந்துவிட்டான். பின்கதவைத் திறந்து, பலகையைச் சாய்த்துத் தயாராக வைத்திருந்தான். சுல்தானைக் கொண்டுபோன வண்டியும் தெருவுக்குள் நுழைய முடியாமல் அதே முனையில்தான் நின்றது. பிஜிலிக்கு அது ஞாபகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லும் குதிரைக்காரர்களை நம்பாதீர்கள். அது நின்றது. அவ்வளவுதான் தெரியும்.

தேவி தட்டவில்லை, இழுக்கவில்லை. கையைத் தளர்த்திச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆனால் சுற்றியிருந்தவர்களுக்குக் கைகால் துடித்தது. நெடுஞ்சாலை ஓரமாக வந்த தண்ணீர் லாரி வழி கேட்டு ஹாரன் அடித்தது. மாவு மில்லிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். பாயின் போன் அலறிக்கொண்டே இருந்தது, தண்டையார்பேட்டையில் பெண் வீட்டார் வந்து இறங்கிவிட்டார்களாம். வியாபாரியின் டிரைவர் சாட்டையை நீட்டி, "அடி ஒதவற மாதிரி அண்ணன் தம்பி ஒதவமாட்டான், ரெண்டு போடு," என்றான். இன்னொருவர் ராஜாவைக் கொண்டுவந்து முன்னால் விடச் சொன்னார். ஏழுமலையின் சட்டைப் பையில் கற்பூரம் இருந்தது எனக்குத் தெரியும். அவன் கை அங்கே போய்ப் போய் வந்தது.

"பேஜாரு பண்ணாத மணி," என்றார் பாய். "ராஜாவ இஸ்துகினு வா. முனை தாண்டற வரிக்கும் உடு, அப்பால திருப்பிக்கலாம்."

எனக்கும் அந்த ஆசை ஒரு கணம் வந்தது என்பது உண்மை. ராஜாவை விட்டால் அப்போதே முனை தாண்டியிருக்கும். ஆனால் மெட்ரோ தூணருகே பிரித்தால் என்ன ஆகும்? இப்போது முனையில் நிற்கும் குதிரை அங்கே லாரிகளுக்கு நடுவில் நிற்கும், தேவி அதன் முதுகில் இருப்பாள். பக்கத்தில் இருக்கிற கஷ்டத்தைத் தூரத்துக்குத் தள்ளிவைப்பது தீர்வு ஆகாது. நான் தண்ணீர் லாரியின் முன்னால் போய்க் கையை நீட்டி நின்றேன். "யாரும் பக்கத்துல வராதீங்க. சாட்டைய உள்ள போடு. பாய், அந்தப் போன அமுக்கு." பாயிடம் நான் அப்படிப் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எல்லோரும் வாயை மூடினார்கள். நானும் மூடினேன். பிஜிலியின் விலா ஏறி ஏறி இறங்குவது தெரிந்தது.

அப்போது தேவி இறங்கினாள்.

எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் எல்லோரும் சொல்லிவந்த ஒன்று உண்டு. முரண்டு பிடிக்கும் குதிரையிலிருந்து இறங்காதே, இறங்கினால் அது ஜெயித்துவிடும். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். "எறங்காத" என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். என் பணிக்காலத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் அந்த விழுங்கலை முதலில் வைப்பேன். குதிரையின் மூச்சு என்ன சொல்கிறது என்று அவள் தொடைக்குத் தெரிந்திருக்கும், தூரத்தில் நின்ற எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் ஒரு முடிவு எடுத்துவிட்டால், தூரத்தில் இருக்கும் மூத்தவர் செய்யக்கூடிய பெரிய உதவி குறுக்கே கத்தாமல் இருப்பதுதான்.

அவள் குதிரையை இழுக்கவில்லை. லகானை லேசாகப் பிடித்து அதன் தோளோடு தோள் ஒட்டி, அது பார்த்த திசையிலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். சுல்தான் எப்போதும் நின்ற பக்கம் அது. இருவரும் அந்த வண்டியைப் பார்த்தார்கள். பிறகு அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. ஒரு காதை அவள் பக்கம் திருப்பியது பிஜிலி. அவள் நடந்தாள். அதுவும் நடந்தது. வண்டியின் பலகையைச் சுற்றிக்கொண்டு, தூணைக் கடந்து, நெடுஞ்சாலை ஓரமாகத் தெற்கே திரும்பினார்கள். லாரிகள் மறைத்துவிட்டன.

தனியாகப் போகாது, தனியாகப் போகாது என்று நாங்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குத் தனி என்றால் என்ன என்று ஒருவரும் யோசிக்கவில்லை. முதுகில் ஏறியவுடன் நாம் துணைக்கு இருக்கிறோம் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. குதிரைக்கு அது சுமை. துணை என்றால் கூடவே தரையில் நடப்பது, அதே சத்தத்தைக் கேட்பது, அதே லாரிக்கு ஒதுங்குவது. அந்தத் துணை கொஞ்ச நாள் கிடைத்தால், பிறகு முதுகில் இருப்பவரையும் அது நம்பும். இதை எனக்குத் தேவி வாயால் சொல்லவில்லை. அவள் இறங்கியதைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

ஆனால் அப்போது எங்களில் யாருக்கும் நிம்மதி இல்லை. பாதி வழியில் திரும்பி ஓடிவரும் குதிரைகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வியாபாரிக்கும் அந்த நம்பிக்கைதான். பலகையை மடிக்காமல், பீடி பற்றவைத்து அதிலேயே உட்கார்ந்துகொண்டான். "எங்க போவும் பாய், இப்போ வந்துடும்," என்றான். பாய் தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ராஜாவை எண்ணூருக்கு அனுப்பினோம். ஏழுமலை லாயத்துக்குள் போய்க் கையிலிருந்த கற்பூரம் முழுவதையும் ஏற்றிவிட்டான், கொட்டகையெல்லாம் புகை. நான் முனையில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெள்ளைக் காரும் எனக்குக் குதிரையாகத் தெரிந்தது. அந்த வயதுவரை நான் அவ்வளவு பயந்ததில்லை. குதிரைக்காகவும் பயந்தேன், அவளுக்காகவும்தான்.

பாயின் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். பின்னால் பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது.

"பாய், வந்துட்டோம். மாப்ள ஏறிட்டாரு."

"எப்டி வந்த? நடந்தா, ஏறியா?"

"டோல்கேட் வரிக்கும் நடந்தேன் பாய். அப்பால அதுவே நின்னு என்னிய பாத்துச்சி. ஏறிகினேன். அங்கேர்ந்து நிக்கவேல்ல."

"சரி," என்றார். போனை ஜிப்பாவில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி அதே ஜிப்பாவில் துடைத்தார். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

வியாபாரி பலகையிலிருந்து எழுந்து, பேண்ட்டைத் தட்டிக்கொண்டு கிட்டே வந்தான்.

"இன்னா பாய், குதிர எங்க? எவ்ளோ நேரம் குந்திகினு கீறது?"

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக அவனைப் பார்த்தார்.

"அது வேலைக்குப் போய்கீது நைனா. நீ டீ குட்ச்சிட்டுக் கெளம்பு."